அன்புவழிபுரத்திலிருந்து மட்டுநகர் வரை

திருகோணமலைக்குச் செல்வோர் முதலிற் காண விழைவது கோணேசர் கோயிலை, அடுத்துத் துறைமுகத்தை, பொழுது மீந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும். இம்முறை நாம் இம்மூன்றிலொன்றையும் காணவில்லை. ஆகஸ்ட் விடுமுறைக்குக் கல்லூரி மூடியதும், நகரை அடுத்துள்ள அன்புவழிபுரத்தில் வசிக்கும் எமது மாமியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். போன நோக்கம் வேறு.

அன்புவழிபுரம்! என்ன அழகிய பெயர் பாருங்கள். ஊர்களுக்குக் குளத்தின் பெயரும், மரத்தின் பெயரும், பண்டைத் தலைவரின் பெயரும் இட்டு வந்த நாட்டிலே, ஓர் ஒழுக்கத்தின் பெயரை ஊருக்கு இட்டவர்கள் நல்ல மனத்தோடுதான் இட்டிருக்க வேண்டும். மாமி மட்டும் அதனை "அன்புவெளிபுரம்" என்றே உச்சரிப்பார். வழியோ வெளியோ, அவருடைய நாவில் இரண்டும் ஒன்றுதான். திருத்தினால், "எல்லாம் ஒண்டுதான் போ" என்று தேநீர் ஊற்றப் போய்விடுவார். தமிழாசிரியராகிய எமக்கு அதிற் சிறிது மனக்குறை உண்டு. ஆயினும் அந்தத் தேநீருக்காகப் பொறுத்துக்கொள்வோம்.

அம்முறை நாம் சென்றது ஒரு கடனைத் தீர்ப்பதற்காக. பணக் கடன் அன்று. எமது அப்பாச்சி எமக்கு விட்டுச் சென்ற கடன் அது.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபோது எமக்குப் பத்து வயது இருக்கலாம். ஒரு மாலையில் அடுப்பில் வைத்த சோற்றையும் இறக்காமல், தந்தையாரும் தாயாரும் அப்பாச்சியும் நாமும் வீட்டை விட்டு ஓடினோம். எல்லோரும் ஓடிய திசையில் ஓடி, ஒரு மாதா கோயில் வளவிற் போய் ஒதுங்கினோம். அக்கோயிலைச் சேர்ந்த பாடசாலையின் வகுப்பறை ஒன்றில் எம்மைப் போல ஏழெட்டுக் குடும்பங்கள். வாங்குகளைச் சுவரோரமாய் அடுக்கிவிட்டு, வெறுந்தரையிற் சேலைகளை விரித்துப் படுத்தோம்.

அங்கே சமைத்துக் கொடுத்தவர்கள் சில கன்னியாஸ்திரிகளும் ஊரவர்களும். முதல் நாள் கஞ்சி வந்தது. நாமெல்லாரும் குடித்தோம், அப்பாச்சி குடிக்கவில்லை. மறு நாளும் குடிக்கவில்லை. அவருக்கு வயது எழுபதுக்கு மேல். "பசியில்லை" என்று சொன்னாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தாயார் கெஞ்சினார், தந்தையார் கோபித்தார். அவர்களுக்கு விளங்காதது, அங்கு பணிசெய்த இளம் கன்னியாஸ்திரி ஒருவருக்கு விளங்கிற்று. அவர் அப்பாச்சியின் நெற்றியைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் திருநீறு பூசிய நெற்றி இரண்டு நாட்களாய் வெறுமையாய் இருந்தது. ஓடிய ஓட்டத்திலே திருநீற்றுக் குடுவை வீட்டிற் கிடந்துவிட்டது. பூசாமல் உண்ணும் வழக்கம் அப்பாச்சிக்கு இல்லை. மாதா கோயில் வளவில் நின்றுகொண்டு திருநீறு கேட்க அவருக்கு வாயும் வரவில்லை.

அந்தச் சகோதரி ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாட் காலையில், அரைக் கட்டைக்கு அப்பால் இருந்த பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போயிருக்கிறார். அக்காலத்தில் அரைக் கட்டை தூரம் என்பது என்னவென்று அந்நாட்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். வீதியில் நாய்கூட நடமாடாத வேளை. கோயில் பூட்டிக் கிடக்கவே, ஐயர் வீட்டுக் கதவைத் தட்டி, பத்திரிகைத் தாளொன்றில் மடித்த திருநீற்றுப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். அப்பாச்சியிடம் நீட்டினார். அப்பாச்சி தயங்கினார். உடனே அவர் அந்தப் பொட்டலத்தை யன்னற் கட்டின் மேல் வைத்துவிட்டு, வேறு வேலை இருப்பவர்போல அப்பாற் போய்விட்டார்.

யன்னற் கட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாரே, அதைத்தான் நாம் இன்றும் எண்ணியெண்ணிப் பார்க்கிறோம். கொடுத்ததைக் காட்டிலும், கொடுத்த கையை மறைத்துக்கொண்டது பெரிதாகத் தோன்றுகிறது. எமது நாட்டிலே "கரிசனை" என்று ஒரு சொல் வழங்குகிறது. அன்பு, இரக்கம், தயவு என்ற சொற்களுக்கெல்லாம் சிறிது உயரம் உண்டு. மேலே நிற்பவன் கீழே நிற்பவனுக்குக் காட்டுவது போன்ற ஒரு சாயல். கரிசனை அப்படியன்று. பக்கத்தில் இருந்து, மற்றவருடைய முகத்தைப் பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்து செய்வது அது.

அப்பாச்சி பின்னர் பல்லாண்டுகள் இருந்தார். "அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திட்டமடா" என்று சொல்லிச் சொல்லியே கண்ணை மூடினார். அந்தப் பொறுப்பு எம்மிடம் வந்தது. படிப்பு, உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள் என்று நாம் அதனைத் தள்ளித் தள்ளி வைத்தோம். இவ்வாண்டுதான் அச்சகோதரி மட்டக்களப்பிலுள்ள ஒரு மடத்துக்கு முன்னரே மாற்றலாகிப் போனார் என்ற செய்தி மாமி மூலமாகக் கிடைத்தது. ஆகஸ்ட் 15ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று போனால் மடத்தில் எல்லோரும் இருப்பார்கள் என்றும் மாமியே யோசனை சொன்னார்.

விடியுமுன் புறப்பட்டோம். துணைக்கு மச்சானின் மகன் வந்தான். உயர்தர வகுப்பில் படிப்பவன், எதையும் கேள்வி கேட்கும் இயல்புள்ளவன். மாமி ஒரு குட்டான் நிறையப் பனங்கட்டி கட்டித் தந்தார். திருகோணமலைப் பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு வண்டியில் இருக்கை கிடைத்தது பெரும் பாக்கியம்.

கொட்டியாரக் குடாவின் நீர் வலப்புறமும் இடப்புறமும் மாறி மாறித் தெரிய, வண்டி கிண்ணியாப் பாலத்தில் ஏறியது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாலம் 396 மீற்றர் நீளமுடையது. அதற்கு முன் இங்கே "பாதை" எனப்படும் மிதவையிலே வண்டிகளை ஏற்றிக் கடப்பார்கள். இக்கரையோர வீதியில் மட்டக்களப்புக்குப் போவதென்றால் இப்படிப் பல துறைகளிற் பாதைக்குக் காத்திருக்க வேண்டும் என்று மாமா உயிரோடிருந்த காலத்திற் சொல்லக் கேட்டிருக்கிறோம். இப்பொழுது எல்லாம் பாலங்கள். முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், இடையில் ஒரு சிங்கள ஊர், மீண்டும் தமிழ் ஊர் என்று வீதி செல்கின்றது. வண்டிக்குள்ளும் அவ்வாறே.

மருமகன் திடீரென்று கேட்டான்: "மாமா, ஒண்டு கேட்கட்டோ? அவை எல்லாம் ஆக்களைத் தங்கட சமயத்துக்குச் சேர்க்கத்தானே உதவி செய்தவை?"

கேள்வி நியாயமானது. அதனை மழுப்புதல் ஆசிரியர் தொழிலுக்கு அழகன்று. திருகோணமலைச் சைவனுக்குக் கிறித்தவர் என்றதும் முதலில் நினைவில் எழுவது திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1624இல் போர்த்துக்கேயர் இடித்ததும், அக்கல்லைக் கொண்டே கோட்டை கட்டியதுமாம். அதன் பின்னரும் யாழ்ப்பாணத்திலே மிஷன் பள்ளிகள் கல்வியோடு தம் வேதத்தையும் சேர்த்தே ஊட்டின. அதனாலன்றோ ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கல்வியைத் தூண்டிலாக்கியவர்கள் இருந்தார்கள். அதனை மறைக்க வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொன்னோம்.

ஆனால் நாவலர் காலத்திலேயே, 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் சாமுவேல் கிறீனையும் சொல்லவேண்டியதாயிற்று. அவரும் மதம் பரப்ப வந்தவரே. அதனை அவர் ஒளித்ததில்லை. எனினும் நோயாளிக்கு அவனுடைய மொழியிலே மருந்து சொல்லும் வைத்தியன் வேண்டும் என்று கண்டு, தாம் தமிழ் கற்று, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 60க்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே மருத்துவம் படித்தவர்கள். தம் மாணவர் வேட்டியைக் களைந்து காற்சட்டை மாட்டுவதையும் அவர் விரும்பவில்லை. மனிதர் ஒருவரின் உள்ளத்திலே மதம் சேர்க்கும் ஆவலும், எதிரே கிடக்கும் நோயாளி மேல் உண்மையான கரிசனையும் ஒருங்கே இருக்க முடியும். எது மேலோங்குகிறது என்பதை அவர் பேச்சைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

"அப்ப எதைக்கொண்டு தீர்மானிக்கிறது?" என்றான்.

வண்டி வெருகலைத் தாண்டிக்கொண்டிருந்தது. வேலாயுத சுவாமி கோயில் இருக்கும் திசையை நோக்கி வண்டியிற் பலர் கைகூப்பினர். நாமும் கூப்பினோம். அதன் பிறகு அவனுக்கு ஒரு கதை சொன்னோம். இயேசு நாதர் சொன்ன கதைதான், பலரும் அறிந்தது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர் அடித்துக் குற்றுயிராய் விட்டுப் போயினர். குருவானவர் ஒருவர் கண்டார், விலகிப் போனார். கோயிற் பணிசெய்யும் இன்னொருவரும் விலகிப் போனார். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர்கள் தீண்டத்தகாதவர்போல ஒதுக்கிய இனத்தவன் அவன். அவனே இறங்கி, காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்திற் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுத்தான்.

இக்கதையில் எம் உள்ளத்தைக் கவர்வன சில. அயலான் யார் என்று ஒரு வேத விற்பன்னர் எல்லை கேட்டபோது சொல்லப்பட்ட கதை இது. சொன்னவர் தம் இனத்துக் குருமாரை விலகிப் போகிறவர்களாகவும், வேற்றினத்தானை நல்லவனாகவும் வைத்துச் சொல்கிறார். அடிபட்டவன் எந்தச் சமயத்தவன் என்று சமாரியன் கேட்கவில்லை. தன் கோயிலுக்கு வா என்று அழைக்கவுமில்லை. பெயரைக்கூடச் சொல்லாமல் விடிந்ததும் தன் வழியே போய்விடுகிறான். கிறித்தவர்கள் தம் வேதத்திலே அன்புக்கு உதாரணம் தேடும்போது இந்த வேற்றாளைத்தான் காட்டுகிறார்கள் என்றால், மற்றவர்மேற் காட்டும் கரிசனை அவர்களுடைய விசுவாசத்துக்கு வெளியே ஒட்டிய தொங்கல் அன்று. அதன் நடுவிலே இருப்பது. அவர்களிற் பலர் அதன்படி நடப்பதில்லை என்பது வேறு கதை. எம்மிலும் எத்தனை பேர் எம் வேதப்படி நடக்கிறோம்?

வாகரை, பனிச்சங்கேணி என்று கடலும் களப்புமாய் வழி நீண்டது. வெய்யில் ஏறியதும் மருமகன் தூங்கிப்போனான். ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து வாழைச்சேனையில் வண்டி நின்றபோது அவனை எழுப்பினோம். எழுப்பியதற்குக் காரணம் இருந்தது. அன்று ஆகஸ்ட் 15 அல்லவா?

யூஜின் ஜோன் ஹெபேர்ட் என்ற இயேசு சபைக் குருவானவர் 1923இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்திற் பிறந்தவர். 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலைப் புனித சூசையப்பர் கல்லூரியிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றினார். கூடைப்பந்தாட்டப் பயிற்சியாளர் என்ற முறையிலேயே பழைய மாணவர் பலருக்கு அவரை நினைவிருக்கிறது. பிற்காலத்தில் மட்டக்களப்பிலே தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றைப் பொறுப்பேற்று, வேலையற்ற வாலிபர்களுக்குக் கைத்தொழில் கற்பித்துவந்தார். 42 ஆண்டுகள் இம்மண்ணில் கழிந்தன.

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கிழக்கிலங்கை வரலாற்றிலே கறைபடிந்த மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 12ஆம் திகதி ஏறாவூரிலும் அதே கொடுமை. பழிக்குப் பழியாய்த் தமிழரும் வெட்டுண்டனர். ஊருக்கு ஊர் அயலவர் அயலவருக்கு அஞ்சினர். அந்த நாட்களிலேதான் ஹெபேர்ட் சுவாமி, நெருக்கடியிற் சிக்கியிருந்தவர்களுக்கு உதவும்பொருட்டு வாழைச்சேனைக்கு வந்திருந்தார். 15ஆம் திகதி, மாதாவின் திருநாளன்று, மட்டக்களப்புக்குத் திரும்பப் புறப்பட்டார். அவருக்கு வயது 66. வாகனம் ஒரு ஸ்கூட்டர். உடன் சென்றவர் பேர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞர். தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர்.

இருவரும் மட்டக்களப்பை வந்தடையவில்லை. ஏறாவூர்ப் பக்கத்தில் அவர்கள் மறைந்தார்கள் என்பதற்கு மேல் இன்றுவரை ஒன்றும் வெளிவரவில்லை.

அந்த 30 கிலோமீற்றரை நாம் அன்று பஸ்ஸிலே கடந்தோம். கிரான், சந்திவெளி, முறக்கொட்டாஞ்சேனை, சித்தாண்டி. அடுத்து வந்தாறுமூலை, கிழக்குப் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. அகதிமுகாமாயிருந்த இதே பல்கலைக்கழக வளாகத்திலிருந்து, அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். பின்னர் செங்கலடி, ஏறாவூர். ஏறாவூரிற் கடைத்தெரு கலகலப்பாக இருந்தது. தொப்பி அணிந்த முதியவர் ஒருவர் ஏறினார். மருமகன் எழுந்து இடம் கொடுத்தான். அவர் இருந்ததும் தம் பையிலிருந்து கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

அன்று அந்த ஸ்கூட்டரில் பின்னால் இருந்தவர் யார், முன்னால் இருந்தவர் யார் என்பது முக்கியமன்று. ஆனால் பெயர் சொல்லும்போது வெள்ளைக்காரக் குருவின் பெயரைச் சொல்லி, "மற்றும் ஒருவர்" என்று முடிப்பது எமக்கு உடன்பாடன்று. குருவானவர் துறவி, உயிரை ஒப்புக்கொடுத்தே கப்பல் ஏறியவர். அந்த வாலிபருக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. வழி எப்படிப்பட்டது என்று இவ்வூரில் பிறந்த அவருக்கு நன்கு தெரிந்தும் இருக்கும். தெரிந்தும் போனார்.

ஹெபேர்ட்டைப் போலவே 1948இல் வந்த இன்னொருவர் ஹரி மில்லர் சுவாமி. அவர் மட்டக்களப்பிலே சமாதானக் குழுவில் இருந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்து வந்த தாய்மாரின் முறைப்பாடுகளைக் கேட்டு எழுதி வைத்தார். தம் தோழரும் காணாமற்போனோர் வரிசையிற் சேர்ந்த பிறகும் அந்தத் தாய்மாருக்காகவே அவர் உழைத்தார். வந்த தாய் எக்கோயிலுக்குப் போகிறவள் என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று.

புளியந்தீவுக்கு வந்து இறங்கினோம். புனித மிக்கேல் கல்லூரி இங்கேதான். 1873இல் தொடங்கிய அக்கல்லூரியைக் கண்டதும் மருமகனுக்கு ஒரு செய்தி சொன்னோம்: காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்ற மாணவன் இங்கேதான் படித்தான், பிறகு இங்கேயே சிறிது காலம் ஆசிரியனாகவும் இருந்தான். அவரே பின்னாளில் சுவாமி விபுலானந்தர். கத்தோலிக்கக் குருமார் கற்பித்த கல்வியைக் கொண்டு அவர் இராமகிருஷ்ண சங்கத் துறவியானார்; திருகோணமலை இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கினார். "அவரை ஒருத்தரும் மாத்தேல்லையே?" என்று அவன் சிரித்தான். அவனுடைய கேள்விக்கு அவனே ஒரு விடை கண்டுகொண்டிருக்கக்கூடும்; நாம் மேலும் தூண்டவில்லை.

மடத்தின் வாயிலை அடைந்தபோது மதியம் திரும்பிவிட்டது. திருநாட் பூசை முடிந்து, முற்றத்தில் தோரணங்கள் காற்றில் ஆடின. இளம் சகோதரி ஒருவர் வந்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று விசாரித்தார். பெயரைச் சொன்னோம். அவர் முகம் சற்று மாறியது. நாம் தேடி வந்தவர் இரண்டாண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்துவிட்டாராம்.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எம்மிடம் இருந்த ஒரு வார்த்தையை இரண்டே ஆண்டுகள் பிந்திக் கொண்டுவந்திருக்கிறோம். மருமகன் பனங்கட்டிக் குட்டானை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எம் முகத்தையே பார்த்தான். அச்சகோதரி எம்மை உள்ளே அழைத்து இருத்தி, முதலிற் சோறு உண்ணச் செய்தார். பின்னர், "அவவோடு ஒண்டாயிருந்த வயதான சிஸ்டர் ஒருவர் இருக்கிறா. பாருங்கோ" என்று விறாந்தைக்கு அழைத்துப் போனார்.

எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மையார் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் பார்வை மங்கியிருந்தது. செவி நன்றாய்க் கேட்டது. மாதா கோயில் வளவையும், கஞ்சியையும், வெறுமையாயிருந்த நெற்றியையும், பத்திரிகைத் தாளில் மடித்த திருநீற்றையும் நாம் ஒன்றுவிடாமல் சொன்னோம். இடையிடையே தலையை அசைத்தார். அப்படி ஒரு சம்பவம் நடந்ததாகத் தம் தோழி தமக்கு ஒருபோதும் சொன்னதில்லை என்றார். "அவ அப்பிடித்தான். செய்ததுகளைச் சொல்ல மாட்டா" என்றார். அப்பாச்சி சொல்லச் சொன்ன நன்றியை அவரிடமே சொன்னோம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல் சிறிது நேரம் இருந்தார்.

பிறகு எம் பக்கமாகத் திரும்பி, ஏதோ நேற்று நடந்த காரியத்தை விசாரிப்பவர்போலக் கேட்டார்:

"பிறகு ஆச்சி சாப்பிட்டாவோ?"

"சாப்பிட்டா" என்றோம்.